கிட்டங்கியில் களவு போன கற்பூரம்

முப்பிடாதிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு விடைக்கும். மூக்குத்திக் கல் மினுங்கும். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். திறந்துவிட்டால் கொச்சி மட்டாஞ்சேரி படகுத்துறை வரைக்கும் கேட்கும் என்று கூட வேலை செய்கிற சோனியா சொல்வாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த வாயைக் கேட்டுப் பழகிய கிட்டங்கி, மசாலாச் சரக்கு அடைக்கிற கிட்டங்கி அது. இஞ்சிக் குவியலுக்கும் ஏலக்காய் மூட்டைக்கும் நடுவே அவள் சத்தம் கேட்காத நாளில்தான் சுமை தூக்குகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், பாவம், உடம்புக்கு என்னவோ என்று.

அப்பேர்ப்பட்டவளை, ஒரு ஏப்ரல் மாதத்துச் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, வேலை விட்டுப் போகிறவர்கள் எல்லோரும் வாசலில் வரிசையாக நிற்கும்போது, சோற்றுத் தூக்குவாளியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்து காட்டு என்றதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும். கவிழ்த்துக் காட்டு என்றார்கள்.

சொன்னவன் ஷாஜி. புதிதாக வந்த மேனேஜர். வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. கவிழ்க்க வேண்டியவர் காவல்காரர் ஒச்சப்பன், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், முப்பிடாதியைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தூக்குவாளியைக் கவிழ்த்தார். நாலு பருக்கைச் சோறும் ஒரு கறிவேப்பிலையும் விழுந்தன. அவ்வளவுதான் விழுந்தது. ஆனால் ஷாஜி குனிந்து தூக்குவாளியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

“கர்ப்பூர மணம்! பின்னே எந்தா தெளிவு வேணும்?”

அடப் பாவி. மணம்தான் அவனுக்குச் சாட்சியாம். கற்பூரத்தில் கிடந்து வேலை செய்கிறவளிடம் கற்பூர மணம் வராமல் மல்லிகை மணமா வரும்?

முப்பிடாதி சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் ராமருக்குக் கழுத்தை நீட்டி, கொச்சங்காடியில் ஒற்றை அறை வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ராமருக்கு மாநகராட்சியில் குப்பை அள்ளுகிற வேலை. வந்த இரண்டாம் வருஷம் இவள் கிட்டங்கிக்குள் நுழைந்தாள். இஞ்சி சுரண்டினாள், சுக்கு புடைத்தாள். பூஜைச் சாமான் வியாபாரத்தையும் முதலாளி சேர்த்துக்கொண்டபோது கற்பூரம் கட்டுகிற வேலைக்கு யாரும் வரவில்லை. கண் எரியும், தலை கிறுகிறுக்கும் என்று ஆளாளுக்கு நழுவினார்கள். ‘எனக்குக் குடுங்க, என் தலை ஏற்கெனவே கிறுகிறுத்துத்தான் கெடக்கு’ என்று இவள் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து பீப்பாயில் வரும் கற்பூர வில்லைகளை நிறுத்துப் பொட்டலம் கட்டி ஒட்டுவது அவள் பாடு.

அந்த மணம் அவள் புடவையில் ஏறி, தலைமுடியில் ஏறி, தோலுக்குள்ளேயே போய்விட்டது. எர்ணாகுளம் படகில் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் முகர்ந்து பார்த்து, ‘அம்பலத்தில் போயிட்டு வரியாணோ?’ என்று கேட்பார்கள். ‘ஆமா தாயி, தெனமும் எட்டு மணி நேரம் தீபாராதனை’ என்பாள் இவள். இத்தனை வருஷமாக அவளைக் கோயிலுக்குப் போய் வந்தவளாகக் காட்டிய மணம், ஒரே சாயங்காலத்தில் அவளைக் கள்ளியாக்கிவிட்டது.

விஷயம் இதுதான். மூன்று மாதமாகக் கற்பூரம் எடை குறைந்துகொண்டே வந்தது. மூன்றாம் மாதக் கடைசியில் ஷாஜி கூட்டிப் பார்த்தபோது ஐந்து கிலோவுக்குப் பக்கத்தில் காணவில்லை. ஏன் காணவில்லை என்பது முப்பிடாதிக்குத் தெரியும். முன்பெல்லாம் கற்பூரம் கீழ்த்தளத்தில், இரும்பு வளையம் போட்டு மூடிய பீப்பாயிலேயே இருக்கும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து உடனே மூடுவாள். ஒவ்வொரு பீப்பாயிலும் ஒரு துணி முடிச்சில் கைப்பிடி மிளகு கட்டிப் போடுவாள். மிளகு இருந்தால் கற்பூரம் காற்றில் போகாது. அவள் வீட்டிலும் அப்படித்தான், ஊரிலும் அப்படித்தான்.

ஷாஜி வந்தான். கீழ்த்தளம் ஏலக்காய்க்கு வேண்டும் என்றான். பீப்பாய்களைக் காலி செய்து, வில்லைகளைத் திறந்த பிளாஸ்டிக் கூடைகளில் கொட்டி, மச்சில் தகரக் கூரைக்கு நேர் கீழே ஏற்றிவிட்டான். மிளகு முடிச்சுகளைப் பார்த்து, ‘இது எந்து கூத்தா?’ என்று தூக்கி எறிந்தான். அன்றைக்கே இவள் கத்தினாள்.

“சாரே, இது வெயிலு தாங்காது. தெறந்து போட்டா பறந்துரும். மிளகையும் எடுத்துட்டீங்க.”

“பறக்கான் இதினு சிறகுண்டோ சேச்சீ?” என்று அவன் சிரித்தான்.

சிரித்தவன்தான் மூன்று மாதம் கழித்துத் தூக்குவாளியை முகர்ந்தான்.

மறுநாள் காலை அவளை அறைக்குக் கூப்பிட்டான். ஏசி ஓடுகிற அறை. மேசையில் ஒரு தாள். மலையாளத்தில் நாலு வரி எழுதி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

“இதில் ஒரு ஒப்பு இட்டா மதி சேச்சி. வெறும் பார்மாலிட்டி. பணியும் போவில்ல, போலீசும் வரில்ல.”

முப்பிடாதி மலையாளம் பேசுவாள், அதட்டுவாள், திட்டுவாள். வாசிக்கத் தெரியாது. தாளை எடுத்துக்கொண்டு நேராக வெளியே வந்து சோனியாவிடம் நீட்டினாள். சோனியா அவளோடு பத்து வருஷமாகப் பொட்டலம் ஒட்டுகிறவள். அம்மா தோப்பும்படிக்காரி, மலையாளி என்றாலும் முப்பிடாதியோடு பழகித் தமிழும் வந்துவிட்டது. வாசித்தாள். வாசிக்க வாசிக்க முகம் மாறியது.

“எந்தா எழுதிருக்கு? சொல்லுட்டி.”

“‘மூணு மாசமா குறைஞ்ச கர்ப்பூரம் முழுக்க நான்தான் எடுத்தேன், இனி செய்யமாட்டேன்’னு எழுதிருக்கு அக்கா.”

மூக்குத்தி மினுங்கியது. அவள் உள்ளே போன வேகத்தில் கதவு சுவரில் போய் அடித்தது.

“ஏன் சாரே, அஞ்சு கிலோ! அஞ்சு கிலோவ நான் இந்தத் தூக்குவாளியிலயா கொண்டு போனேன்? கொண்டுபோயி என்ன செஞ்சேன், கொழம்பு வச்சேனா?”

“குறைச்சு குறைச்சா கொண்டுபோயிருக்கும்.”

“அது காத்தாப் போயிட்டுன்னு அன்னைக்கே சொன்னேன்லா!”

ஷாஜி நாற்காலியில் சாய்ந்தான். விவரம் தெரிந்தவன் விவரம் கெட்டவளுக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னான். “சேச்சி, போர்ட் கொச்சியில் மீன்காரர் ஐஸ் வைக்கிறதைக் கண்டிட்டில்லே? ஐஸ் குறைஞ்சா தாழே வெள்ளம் நிக்கும். எந்து சாதனம் போனாலும் ஒரு நனவு காணும். கூடைக்குத் தாழே ஞான் தொட்டு நோக்கி. ஒரு துள்ளி வெள்ளமில்ல. அப்போ அது உருகியிட்டில்ல. ஆரோ எடுத்து.”

அவன் படிப்பெல்லாம் அந்த ஐஸோடு நின்றுவிட்டது. கட்டியாக இருப்பது போக வேண்டுமென்றால் உருகித் தண்ணீராகித்தான் போக வேண்டும் என்று நம்பினான். கூடைக்கு அடியில் விரலால் தடவிப் பார்த்து, ஈரம் இல்லை என்றதும் ஒரு மனுஷியைக் கள்ளி என்று முடிவு கட்டினான்.

“ஐஸு வேற, இது வேற சாரே. இது உருகாது. வில்லை வில்லையா இருக்கும்போதே நேரா காத்தாயிரும். தண்ணியும் நிக்காது, தடமும் நிக்காது.”

“கதை மதி. ஒப்பிடு. இல்லெங்கில் நாளை பணிக்கு வரேண்டா.”

முப்பிடாதி தாளை நாலாக மடித்து இடுப்பில் சொருகினாள்.

“பத்து நாளு குடுங்க. ஒரு கிலோப் பொட்டலம் கட்டித் தாரேன். உங்க அலமாரியில வையுங்க, உங்க சாவியால பூட்டுங்க. பத்தாம் நாளு தூக்கிப் பாப்போம். ஒரு கிராம்கூடக் குறையலேன்னா இந்தத் தாள்ல நானே ஒப்பு வைக்கேன், போலீசுக்கும் நானே நடந்து போறேன்.”

ஷாஜிக்கு இது வேடிக்கையாக இருந்தது. சரி என்றான்.

பொட்டலம் கட்டும்போது சோனியா ஒரு வேலை செய்தாள். “ஒண்ணு போதாது அக்கா. குறைஞ்சா தராசு தெற்று, தப்புன்னு சொல்லுவான். ஒண்ணு டின்னில் இறுக்கி அடைச்சு, சுத்தி டேப் ஒட்டி வைப்போம். அது குறையாம இருந்தா தராசு சரி, மத்தது காத்தில்தான் போச்சுன்னு ஆகும்.”

“அப்போ மிளகு போட்டு ஒண்ணும் வையி. மூணாயிரட்டும். மிளகுப் பொட்டலம் ஒரு குந்துமணி குறையாது. அவன் மிளக எடுத்தெறிஞ்சான்லா, அதுக்கும் சேத்து அவன் மூஞ்சியில கரியப் பூசணும்.”

“மிளகு இட்டாலும் போவும் அக்கா. எங்க அம்மாச்சி வீட்டிலும் இடும், அங்கேயும் போவும்.”

“போட்டி, உனக்கு என்ன தெரியும்!”

ஆக மூன்று. வெறும் காகிதப் பொட்டலம் ஒன்று. மிளகு போட்ட காகிதப் பொட்டலம் ஒன்று. மிளகு இல்லாமல் இறுக்க மூடிய டின் ஒன்று. காகிதம், மிளகு, டின் எல்லாம் சேர்த்து ஒவ்வொன்றும் சரியாக ஆயிரம் கிராம் வரும்படி ஷாஜியே தராசில் பார்த்து, அவனே எழுதி, அவனே அலமாரிக்குள் மேல்தட்டில் வைத்துப் பூட்டினான். சாவியை இடுப்புச் சங்கிலியில் மாட்டிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் ராமரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ராமர் சாயாவை ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டார். கோபம் என்பதே தெரியாத மனுஷன். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்.

“ஏட்டி, அந்த ஆபீசு ரூமுல ஏசி ஓடுமே. குளுந்து கெடக்க எடத்துல கற்பூரம் போகுமாட்டி?”

முப்பிடாதி அதை நினைத்தே பார்க்கவில்லை. வெயிலில் போகும் என்பது கண்ணால் கண்டது. குளிரில்? குளிர் அறையில் கற்பூரத்தை அவள் வைத்ததே இல்லை. வாய்த் துடுக்கில் உன் அலமாரியிலேயே வை என்று சொல்லிவிட்டாள். குறையாமல் இருந்துவிட்டால் அவள் வாயாலேயே கள்ளி. இருபத்திரண்டு வருஷமும் மண்ணாய்ப் போகும். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

“ஒப்பு வச்சுட்டு வேலையப் பாரேன்னுதான் நான் நெனச்சேன்” என்றார் ராமர்.

“எடுக்காததை எடுத்தேன்னு எழுதிக் குடுத்துட்டு, அந்தச் சோறு எப்படி எறங்கும் எனக்கு?”



அந்தப் பத்து நாளும் அவளைக் கற்பூரத்தின் பக்கமே விடவில்லை. பழையபடி இஞ்சி சுரண்ட வைத்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இஞ்சி சுரண்டும் பெண்கள் தங்கள் கைப்பைகளை இவள் உட்கார்ந்த பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் வைத்தார்கள். சாயாக்கடைச் சேட்டன் சாயாவை ஆற்றிக்கொண்டே, ‘எந்தோ கேட்டல்லோ முப்பிடாதீ’ என்று இழுத்தார். கேட்டதைக் கடலில் போடு என்று சொல்லிவிட்டு, குடிக்காமலே வந்துவிட்டாள். தினமும் சாயங்காலம் ஒச்சப்பன் தலையைக் குனிந்துகொண்டே அவள் தூக்குவாளியை மட்டும் கவிழ்ப்பார். மற்றவர்கள் கைவீசிக்கொண்டு போவார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு எரிந்தது. அத்தனை பேர் மேலும் எரிந்தது.

பத்தாம் நாள் சோனியா, ஒச்சப்பன், சுமைக்காரர்கள் இருவர், எல்லோரும் ஷாஜியின் அறையில் நின்றார்கள். முப்பிடாதி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஷாஜி சாவியைப் போட்டுத் திருகினான். கதவு திறந்ததுதான் தாமதம், குப்பென்று மணம் முகத்தில் அடித்தது. சுமைக்காரர் ஒருவர் அனிச்சையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அலமாரிக்குள் இருந்த கோப்புகள், ஷாஜியின் மடித்த சட்டை, அவன் தினமும் உள்ளே வைத்துப் பூட்டுகிற தோல்பை, எல்லாம் மணத்தன. முப்பிடாதியின் கண் வேறு இடத்துக்குப் போனது. அலமாரிக் கதவின் உட்பக்கம், வெளியே ஏசிக் காற்று நேராக வந்து மோதுகிற இரும்பில், அரிசி மாவைத் தெளித்தது மாதிரி வெள்ளையாய் மினுங்கியது.

அவள் விரலால் வழித்தாள். முகர்ந்தாள். விரலை அப்படியே ஷாஜியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“பாத்தீகளா? பொட்டலத்துல இருந்து காத்தாக் கெளம்பி, குளுந்த இரும்பு கெடச்சதும் மறுபடி கட்டியாயி ஒக்காந்துருக்கு. நடுவுல எங்கயாவது ஒரு சொட்டுத் தண்ணி இருக்கா? தொட்டுப் பாருங்க. நல்லா தொட்டுப் பாருங்க!”

ஷாஜி தொடவில்லை. பொட்டலங்களைத் தராசில் வைத்தான்.

டின்: ஆயிரம். ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

வெறும் காகிதம்: தொள்ளாயிரத்து எண்பத்தொன்று.

முப்பிடாதிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. குளிர் அறையிலேயே பத்தொன்பது கிராம்! தகரக் கூரைக்குக் கீழே கூடை கூடையாகத் திறந்து கிடந்தது எவ்வளவு போயிருக்கும்!

மூன்றாவதாக மிளகுப் பொட்டலம். அவள் நெஞ்சை நிமிர்த்தினாள். தொள்ளாயிரத்து எண்பது. வெறும் பொட்டலத்தைவிட ஒரு கிராம் குறைச்சல்.

சோனியா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு விரல் வழியாக வந்துவிட்டது. ஷாஜிக்குப் பிடி கிடைத்தது. “அப்போ சேச்சி பறஞ்ச மிளகுக் காரியம் கள்ளமல்லே?”

முப்பிடாதி பொட்டலத்தையே பார்த்தாள். அம்மா போட்டது, அத்தை போட்டது, இத்தனை வருஷமாக இவள் முடிந்து முடிந்து போட்டது. கற்பூரத்தைக் காத்தது பீப்பாயின் மூடி, இவள் மிளகுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். முகம் சிவந்தது. ஆனால் வாய் தயங்கவில்லை.

“ஆமா சாரே. மிளகு விஷயத்துல நான் தப்பு. இத்தனை வருஷம் தப்பாத்தான் நெனச்சிருக்கேன். சோனியா சொன்னா, நான் கேக்கல. போதுமா? இந்தா, எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன், என் தலை ஒண்ணும் உருண்டு விழல. இப்போ நீங்க சொல்லுங்க. பூட்டுனது உங்க அலமாரி. சாவி உங்க இடுப்புல. முப்பத்தொம்போது கெராம் காணோம். எடுத்தது யாரு?”

ஷாஜி தராசை அணைத்தான்.

“சரி, சரி. விட்டுகள சேச்சி. ப்ரஸ்னமில்ல. நாளை முதல் பழைய பணியில் கேறிக்கோ. பீப்பாயும் தாழே இறக்கலாம்.”

ப்ரஸ்னமில்லையாம். யாருக்குப் பிரச்சினை இல்லை? பத்து நாள் பையை நகர்த்தி வைத்தார்களே, அவர்கள் இந்த அறையிலா இருந்தார்கள்? கள்ளி என்றது வாசலில். இல்லை என்பது ஏசி அறைக்குள், நாலு பேர் முன்னால், கதவைச் சாத்திக்கொண்டா?

முப்பிடாதி எதுவும் பேசாமல் வெளியே போனாள். அவள் பேசாமல் போனதைப் பார்த்துச் சோனியாவுக்கே பயமாகிவிட்டது.

ஐந்தரை மணிக்கு வரிசை நின்றது. முப்பிடாதி முதல் ஆளாக நின்று, ஒச்சப்பன் கேட்கும் முன்பே தூக்குவாளியைத் தானே கவிழ்த்தாள். கவிழ்த்துவிட்டுப் போகாமல் வாசலை அடைத்து நின்றாள். ஷாஜி ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டு, தோல்பையைத் தோளில் போட்டபடி வந்தான்.

“ஒச்சப்பண்ணே, சாரு பையப் பாருங்க.”

ஒச்சப்பன் திகைத்தார். “தங்கச்சி, அவரு…”

“எனக்கு ஒரு நாயம், அவருக்கு ஒரு நாயமா? பாருங்கண்ணே.”

பத்து நாள் குனிந்த தலையை ஒச்சப்பன் நிமிர்த்தினார். கையை நீட்டினார். முப்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஷாஜியால் மறுக்க முடியவில்லை. பை திறந்தது. குடை, சோற்றுப் பாத்திரம், துண்டு. அவற்றோடு, பத்து நாளும் பகல் முழுக்க அலமாரிக்குள் ஊறிய கற்பூர மணம். வரிசையின் கடைசியில் நின்றவள்கூட மூக்கைச் சுளித்தாள்.

“மணம் வந்தா கள்ளின்னு நீங்கதான சொன்னீங்க? வேற என்ன தெளிவு வேணும்னு கேட்டீங்களே. இந்தா வருது மணம். இப்போ சொல்லுங்க சாரே.”

இடுப்பிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

“பேரு மட்டும் மாத்தி எழுதி ஒப்பு வைக்கீகளா, இல்ல உள்ளதைச் சொல்லுதீகளா?”

ஷாஜி தரையைப் பார்த்து ஏதோ முனகினான்.

“கேக்கல. அன்னைக்கு என் தூக்குவாளிய மோந்து பாத்துட்டு ஒரு சத்தம் போட்டீகளே, அந்தச் சத்தம் வேணும்.”

அவன் தொண்டையைச் செருமினான். “தெற்று எண்டேதாணு, தப்பு என்னோடதுதான்” என்றான், இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. “முப்பிடாதி ஒன்னும் எடுத்திட்டில்ல. கர்ப்பூரம் காற்றில் போயதாணு.”

இஞ்சிப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பிடாதி அவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பார்த்த பார்வையில் இரண்டு பேர் கைப்பையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்கள். அவள் தாளைக் கிழிக்கவில்லை. மடித்துத் திரும்ப இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள்.

கோபம் தீர்ந்ததா என்றால், எங்கே தீர்ந்தது? மறுநாள் பகல் முழுக்க வில்லைகளைப் பீப்பாயில் அள்ளிப் போட்டு, இரும்பு வளையத்தைச் சுத்தியலால் அடித்து இறுக்கினாள். அடித்த அடியில் கிட்டங்கி அதிர்ந்தது. மிளகு முடிச்சு ஒன்றுகூடப் போடவில்லை. சாயங்காலம் வரிசை நின்றபோது ஒச்சப்பன் அவளைப் பார்த்துச் சிரித்து, ‘நீ போ தங்கச்சி, உன்ன இனி எதுக்குப் பாக்கணும்’ என்று கையைக் காட்டினார்.

முப்பிடாதி போகவில்லை. தூக்குவாளியைத் திறந்து அவர் முன்னால் கவிழ்த்தாள்.

“பாருங்கண்ணே. என்னையும் பாருங்க, எனக்குப் பின்னால நிக்க எல்லாரையும் பாருங்க. சாரு இன்னும் உள்ள இருக்காரு, அவரு பையும் தெறக்கட்டும். அதுவரைக்கும் நான் இங்கதான் நிக்கேன்.”

வரிசை அசையவில்லை. உள்ளே ஷாஜியின் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. முப்பிடாதி தூக்குவாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.